சாயம் படாத பல்

அவர் போட்ட தேநீரைக் குடித்தவர்களை எண்ணப் போனால் திருகோணமலையில் பாதி ஊர் வரும். அந்த ஊரில் அவர் தேநீர் குடித்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதுவும் ஒரே ஒரு நாள்.

மூதூர்ப் படகு வந்து கட்டும் இறங்குதுறைக்குக் கிட்ட அந்த அக்கா வீட்டுத் தேநீர்க்கடை இருந்தது. முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், வாய்ப்பன், கடலை வடை. உள்ளே நான்கு மேசை. அதற்குப் பின்னால் சமைக்கிற குசினி, குசினிக்குப் பின்னால் வீடு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். அந்தச் சீலையை விலக்கி இந்தப் பக்கம் வருவார், விலக்கி அந்தப் பக்கம் போவார். கடல் எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருந்தும், கரைக்குப் போய்க் கால் நனைத்து ஆறேழு வருடம் இருக்கும் என்று ஒருமுறை சொன்னார். நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நெடுத்த ஆள். மேலுதட்டைக் கீழே இழுத்து வைத்துக்கொண்டுதான் பேசுவார். சிரிப்பு வந்தால் சேலைத் தலைப்பு தானாக வாய்க்குப் போய்விடும். தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உடனே போகமாட்டார். நாங்கள் முதல் வாய் குடிக்கும் மட்டும் நின்று, "சீனி காணுமோ?" என்று கேட்பார். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, ஒவ்வொரு நாளும், ஒவ்வொருவரிடமும்.

நான் அப்போது கப்பல்துறைக் கிராமத்தில் இருந்து பஸ்ஸில் வந்து, நகரத்தில் ஒரு பல் டொக்டரிடம் உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். காலைத் தேநீர் அந்தக் கடையில்தான். நான் கொஞ்சம் சுள்ளென்று பேசுகிறவள். கடை வைத்திருக்கிறவருக்குத் தன் தேநீரில் சீனி போதுமா என்று தெரியாதா என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் வாயை விட்டேன்.

"ஏனக்கா, நீங்களே ஒரு மிடறு குடிச்சுப் பாத்தா என்ன?"

அவர் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டார். பக்கத்து மேசையில் கிண்ணியாவில் இருந்து நெல் வியாபாரத்துக்கு வரும் ஒரு முஸ்லிம் நானா இருந்தார்.

"அவங்க குடிக்கமாட்டாங்க மகள். காளி அம்மனுக்கு நேர்த்தி. கலியாணம் முடிச்ச நாள் தொட்டு தேத்தண்ணி வாயில வைக்கல்ல" என்றார். "எங்கட ஆக்களும் கோடு வழக்கெண்டா இஞ்ச வந்து குடிச்சிட்டுத்தான் போற. நேர்த்திக்காரங்கட கை."

அது உண்மைதான் என்று பிறகு கவனித்தேன். பாஸ்போட்டுக்குப் போகிறவர்கள், நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவர்கள், சல்லிக் கிராமத்தில் இருந்து புதுப் படகு வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் அவர் கையால் ஒரு தேநீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். கடைக்கு நல்ல பெயர். மாமியார் முன்னால் ஒரு கதிரையில் இருந்துகொண்டு, வருகிற போகிற எல்லோருக்கும் மருமகளின் நேர்த்தியைச் சொல்வார்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை, வெயிலும் இல்லை மழையும் இல்லை, ஆனால் குடையை முகத்துக்கு மறைத்துப் பிடித்தபடி அவர் எங்கள் கிளினிக் படியேறி வந்தார். என்னைக் கண்டதும் திரும்பி இறங்கப் பார்த்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"மிஸ், நீங்கள் இஞ்சையோ வேலை?"

"ஓம் அக்கா. ஏன் ஓடுறீங்கள்?"

"வீட்டில காதுக்கு மருந்தெடுக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ."

கதிரையில் சாய்த்து வாயைத் திறந்தபோதுதான் அவருடைய பல்லை முதன்முதலாகப் பார்த்தேன். முன்பல் ஒன்றின் கீழ்மூலை உடைந்து, பல்லின் நிறத்திலேயே அடைத்திருந்தது. அந்த நிறம் எப்போதோ போய்விட்டது. மற்றப் பற்கள் எல்லாம் வெள்ளையாக இருக்க, அடைத்த துண்டு மட்டும் பழுப்பு மஞ்சளாக நின்றது. அதைச் சுற்றி மயிர் போல ஒரு கபிலநிறக் கோடு.

"எப்ப அடைச்சது?" என்று டொக்டர் கேட்டார்.

"கலியாணத்துக்கு முதல். இருபத்திரண்டு வருசம்."

டொக்டருக்கு நம்ப முடியவில்லை. இவ்வளவு காலம் விழாமல் நின்றதே பெரிய காரியம் என்றார். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என்னத்தால தேய்க்கிறனீங்கள்?" என்றார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "உமிக்கரி. சில நேரம் உப்புத்தூள். வெள்ளையா இருக்கவேணும் எண்டு."

டொக்டர் பொறுமையான மனிதர். எடுத்து விளங்கப்படுத்தினார். இந்த அடைப்பு பல்லைப் போல வயிரமானது இல்லை. கரியால் தேய்த்தால் கீறு விழும். கீறு விழுந்தால் கறிமஞ்சளும் தேயிலைச் சாயமும் அதற்குள் போய்க் குடியிருக்கும். கறை வரக்கூடாது என்று தேய்த்தார். தேய்த்த இடத்தில்தான் கறை பிடித்தது. போதாக்குறைக்கு ஃபாமசியில் பல்முரசு வீக்கத்துக்குக் கொடுக்கிற ஒரு திரவத்தை வாங்கி, ஆறு மாதமாகக் காலையும் மாலையும் கொப்பளித்திருக்கிறார். அதை அவ்வளவு காலம் பாவித்தால் அதுவே கபிலமாகப் படியும். இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடிக்கவேணும் போல இருக்கிறது.

அடுத்த வியாழன் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக அடைப்பதென்று முடிவானது. அன்றைக்கு அவர் வந்து இருந்த கையோடு கரண்ட் போய்விட்டது. டொக்டர் கீழே இறங்கிப் போனார். நாங்கள் இரண்டு பேரும் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அப்போதுதான் கதையைச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். பெண்ணுக்குச் சீதனமாக ஒரு வீடு இருக்கும். இவர் வீட்டில் மூன்று பெண்கள், கொடுக்க ஒரு வீடும் இல்லை. அதனால் இவர்தான் புருஷன் வீட்டுக்கு வந்தார். மாமியார் அதற்கு முதல் பார்த்த பெண்ணை முன்பல் மிதப்பு என்று சொல்லித் தட்டிவிட்டவர். இவருடைய பல்லோ பன்னிரண்டு வயதில் கிணற்றுக் கட்டில் விழுந்து மூலை போனது. சம்பந்தம் பொருந்தி வரும்போல இருந்ததும் தாய் அவசரமாகக் கூட்டிக்கொண்டுபோய் அடைப்பித்தார். பிறகு கோயில் வாசலில் நின்று, "பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை" என்று சொல்லியும் விட்டார்.

சாயம் பிடிக்கிற சாப்பாட்டில் கவனமாக இருக்கவேணும் என்று அடைத்த டொக்டர் சொன்னாராம். தாய் அதைச் சட்டமாக்கிவிட்டார். தேநீர் இல்லை, கோப்பி இல்லை, பீற்றூட் இல்லை, நாவல்பழம் இல்லை, வெற்றிலை நினைக்கவே கூடாது. கறி என்றால் மஞ்சள் போடாத வெள்ளைச் சொதி. மற்றதைச் சாப்பிடவேண்டி வந்தால் கடைவாயால் மென்று, ஒவ்வொரு பிடிக்கும் ஒரு வாய் தண்ணீர். "பல்லு மஞ்சளிச்சா அடைச்சது தெரியும். அடைச்சது தெரிஞ்சா நான் சொன்ன பொய் தெரியும். நீ திரும்பி வந்தா உன்ர தங்கச்சிமாரை ஆர் எடுக்கிறது?" இதுதான் தாய் சொல்லி அனுப்பிய புத்தி. பெண்ணைக் கொண்டுபோய் ஒரு தேநீர்க்கடைக்குள் கட்டிக்கொடுத்துவிட்டு இப்படி ஒரு சட்டம்!

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புதுப்பெண் முதல்நாள் காலை கடை அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து எல்லோருக்கும் தேநீர் போடவேணும். மாமியார் தன் கையால் முதல் கோப்பையை ஊற்றி அவளுக்குக் கொடுப்பார். எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோப்பை நீண்டு வந்தது.

"நான் குடிக்கிறேல்லை மாமி. நேர்த்தி."

"ஆருக்கு?"

"காளி அம்மனுக்கு."

"என்னத்துக்குப் பிள்ளை?"

அதை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தார். "இவருக்கு ஒண்டும் நடக்கக்கூடாதெண்டு."

தவளையும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அது சண்டைக் காலம். பத்து நாள் கழித்து ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் கடைத்தெரு ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். இவருடைய புருஷனும் போனார். பொழுதுபடும்போது மற்றவர்களை வைத்துக்கொண்டு அவரை மட்டும் விட்டார்கள். ஏன் விட்டார்கள் என்று அவருக்கே தெரியாது. மாமியாருக்குத் தெரிந்தது. மருமகளைக் கட்டிப்பிடித்து, "நீயெல்லோ என்ர பிள்ளையைக் காப்பாத்தினனி" என்று ஒப்பாரி வைக்காத குறையாக அழுதாராம்.

"அதுக்குப் பிறகு வாயைத் திறக்க ஏலுமே, மிஸ்?" என்றார். "தேத்தண்ணி எண்டா எனக்கு உயிர். அம்மாட்ட ஒரு நாளைக்கு நாலு தரம் வாங்கிக் குடிப்பன்."

புருஷனுக்கென்று தொடங்கிய நேர்த்தி பிறகு மகனுக்கும் ஆனது. ஒரே மகன். இருபது வயதில் கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் கதைக்கும்போது மாமியார் போனை மருமகள் பக்கம் திருப்பி, "பார், உன்ர அம்மா இண்டைக்கும் உனக்காகத் தேத்தண்ணி தொடேல்லை" என்று காட்டுவாராம். இவர் புலிவாலைப் பிடித்த கணக்குத்தான். விடவும் ஏலாது, வைத்திருக்கவும் ஏலாது.

கரண்ட் வந்தது. டொக்டர் நிறம் பார்த்துப் பொருத்தி, புதிதாக அடைத்து, மினுக்கி, கண்ணாடியைக் கையில் கொடுத்தார். எது பல், எது அடைப்பு என்று எனக்கே தெரியவில்லை.

"ரெண்டு நாளைக்குத் தேத்தண்ணி, கோப்பி, மஞ்சள் கறி வேண்டாம். அதுக்குப் பிறகு எல்லாம் சாப்பிடுங்கோ. குடிச்ச உடன ஒரு வாய் தண்ணியால அலசுங்கோ. உமிக்கரியைத் தூக்கி எறியுங்கோ" என்றார் டொக்டர்.

"கறை பிடிச்சா?"

"பிடிச்சா வாங்கோ. மினுக்கி விடலாம். பதினஞ்சு நிமிச வேலை."

அவர் கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்தார். "பதினஞ்சு நிமிசமோ?" என்று கேட்டார். டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே ஓம் என்றார். அவர் கதிரையில் இருந்து எழும்பவில்லை. அடுத்த ஆள் வெளியே இருக்கிறார் என்று நான்தான் தோளைத் தொட்டு எழுப்பினேன். எனக்கு அந்தத் தாயில் கோபம், மாமியாரில் கோபம், ஏன், இவரிலும் கோபம்.

படி வரைக்கும் கூடப் போனேன். "அக்கா, இனிப் போய்க் குடியுங்கோ."

"எங்க குடிக்கிறது?" என்றார். "பல்லுக்குப் பயந்து குடிக்காமல் இருந்தனான். இப்ப பல்லுக்குப் பயமில்லை. அங்க என்ர கையைப் பாத்துக்கொண்டெல்லோ எல்லாரும் இருக்கினம்."

"இஞ்ச வாங்கோ. நான் போட்டுத் தாறன்."

அது நான் சொன்னது. அவர் கேட்கவில்லை. இதை நான் மறைக்கக்கூடாது.

மூன்றாம் நாள் வந்தார். காது அடைப்பைப் பார்க்க வரச்சொன்னார்கள் என்று வீட்டில் காதுக் கதையை இன்னும் கொஞ்சம் நீட்டியிருப்பார் போல. கருவிகள் கழுவுகிற பின்னறையில் கேத்தலை வைத்துத் தூள் போட்டு வடித்து, சீனி போட்டுக் கையில் கொடுத்தேன். கதவைச் சாத்தினேன். அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஆறிப்போகுது அக்கா என்றேன். குடித்தார்.

எதையோ பெரிதாக எதிர்பார்த்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாயம் காணாது" என்றார். "தண்ணி நல்லாக் கொதிக்கேல்லை."

எனக்கு வந்த சிரிப்பைச் சொல்ல ஏலாது. அவரும் சிரித்தார். சேலைத் தலைப்பு வாய்க்குப் போகவில்லை. இரண்டாம் கோப்பையைத் தானே போட்டார். அதைச் சுவரில் சாய்ந்து நின்று, மிடறு மிடறாகக் குடித்தார். குடித்து முடியும்போது கன்னம் நனைந்திருந்தது. கிளாசில் தண்ணீர் கொடுத்தேன், அலசினார். சின்னக் கண்ணாடியால் பல்லைப் பார்த்து, "ஒண்டும் பிடிக்கேல்லை" என்றேன். அடுத்த வியாழனும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு ஆளைச் சிறையில் இருந்து எடுத்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு.

அவர் தேநீர் குடித்த ஐந்தாம் நாள் மகன் விழுந்தான்.

கட்டட வேலைத்தளத்தில் மூன்றாம் மாடிச் சாரத்தில் இருந்து. பஸ்ஸில் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு வந்ததில்தான் தெரிந்தது. நேரே கடைக்குப் போனேன். கடை திறந்திருந்தது. மாமியார் அதே கதிரையில் இருந்து, வருகிறவர்களுக்கு அழுதழுது சொல்லிக்கொண்டிருந்தார். "அவ்வளவு உயரத்தில இருந்து விழுந்த பிள்ளை கால் முறிஞ்சதோட தப்பினதெண்டா, அது என்ர மருமேளின்ர நேர்த்திதான்."

குசினிக்குள் போனேன். அவர் தேயிலை வடித்துக்கொண்டிருந்தார். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்றேன். "நேர்த்தியெண்டு ஒண்டு இருக்கவே இல்லையே. அது நீங்கள் சொன்ன பொய்தானே."

"பொய்யெண்டு எனக்குத் தெரியாதே?" என்றார் மெதுவாக. "பிள்ளை விழுந்தது பொய்யில்லையே."

"சாரம் சரியாக் கட்டாமல் விழுந்ததக்கா."

"ஓம். நான் குடிச்ச கையோட ஏன் அப்பிடி?" வடிகட்டியைத் தட்டி வைத்தார். "உங்களில கோவமில்லைத் தங்கச்சி. நல்லதுக்குத்தான் தந்தனீங்கள். இனிக் கேக்காதையுங்கோ."

அதுவரைக்கும் மிஸ் என்று சொன்னவர் அன்றைக்குத்தான் தங்கச்சி என்றார். அதற்குப் பிறகு பல்லுக்கென்று அவர் கிளினிக்குக்கு வரவில்லை. நான் கடைக்குப் போவேன். தேநீர் தருவார், சீனி கேட்பார், போவார். பல்லைக் காட்டச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மகன் ஊன்றுகோலோடு திரும்பி வந்தான். வலது கால் மடியாது. கடையிலேயே தகப்பனோடு காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். ஒன்றரை வருடம் கழித்து நிலாவெளியில் ஒரு பெண் பொருந்தியது. மகனைக் கடையை விட்டு அனுப்ப ஏலாது என்று, பெண்ணை இங்கேயே கொண்டுவருவதாகப் பேசினார்கள். கல்யாணத்துக்குச் சொல்ல அவரே கிளினிக் படியேறி வந்தார். வந்தவர் கதவடியில் நின்று, தாழ்ந்த குரலில், "மாமி ஒரு கதை சொல்லுறா தங்கச்சி" என்றார். "எனக்கு வயசாகுதாம். வாற பிள்ளைதான் இந்த வீட்டு நேர்த்தியை எடுக்கவேணுமாம். இவனுக்காக."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்ல?" என்றுவிட்டுப் போனார். நான் இரண்டு நாள் சரியாக நித்திரை கொள்ளவில்லை. நான் போய் உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளை தப்பும். இவருடைய பல், தாய் சொன்ன பொய், இருபத்தைந்து வருட மரியாதை எல்லாம் தெருவுக்கு வரும். சொல்லாவிட்டால் இன்னொருத்தி அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் போவாள்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை போனேன். குசினி நிறைய ஆட்கள். புதுப்பெண் தண்ணீர் கொதிக்கவைத்துத் தேநீர் போட்டாள். சின்னப் பிள்ளை, இருபத்தொன்று இருக்கும். அக்காவின் மாமியாரைக் கதிரையோடு தூக்கிவந்து குசினி வாசலில் இருத்தியிருந்தார்கள். அவர் கையை உயர்த்தினார்.

"பிள்ளைக்கு ஊத்தவேண்டாம். அவளுக்கு இண்டையில இருந்து நேர்த்தி."

பெண்ணின் தாய்க்கு இது முன்கூட்டியே தெரியும் போல, தலையைக் குனிந்துகொண்டார். பெண் எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வாயைத் திறக்கத்தான் போனேன். அதற்குள் அக்கா முன்னுக்கு வந்து, கோப்பையை எடுத்து, விளிம்பு வரைக்கும் தேநீரை ஊற்றி, பெண்ணின் கையில் வைத்தார்.

"மாமி, முந்தநாள் அம்மன் கனவில வந்தவ" என்றார். குரல் நடுங்கவில்லை. "'இது உன்னோட முடியட்டும், வாற பிள்ளையில வைக்காதை' எண்டு சொல்லிப்போட்டுப் போனவ."

மாமியார் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். "அம்மன் சொன்னா ஆர் மறுக்கிறது? குடி பிள்ளை."

பெண் குடித்தாள். ஒரே மூச்சில், சூட்டோடு குடித்தாள்.

ஆட்கள் சாப்பாட்டுக்கு எழும்பிப் போனதும் அவரைப் பின்வளவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"உண்மையாக் கனவு வந்ததோ அக்கா?"

"இல்லை" என்றார். "முதல் சொன்ன பொய்யை மெய்யெண்டு எடுத்த அம்மன், இதையும் எடுப்பா எண்டுதான் சொன்னனான்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "அப்ப அம்மன் உங்களையும் நேர்த்தியில இருந்து விட்டுப்போட்டா எண்டு சேத்துச் சொல்லியிருக்கலாமே! ஆர் உங்களை மறிச்சது?"

அவர் திரும்பிக் குசினி யன்னலால் உள்ளே பார்த்தார். மகன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கோலில்லாமல் இரண்டு அடி வைத்துப் புதுப்பெண்ணுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அவ்வளவு பெரிய பொய் சொல்ல எனக்குத் துணிவு காணாது தங்கச்சி" என்றார்.